பசு குடிக்கக்கூடிய கஞ்சி

மட்டாஞ்சேரியில் நான் ஒரு தொழிற்சாலை கட்டினேன். சிரிக்க வேண்டாம். தகரக் கூரைதான், இஞ்சிக் கிடங்குக்காரர் ஒருவர் கைவிட்ட பின்கட்டுதான். ஆனால் வாசலில் போர்டு இருந்தது, உள்ளே கரண்டு இருந்தது, நடுவில் என் கையால் கட்டிய இயந்திரம் இருந்தது. பழைய வாஷிங் மெஷினிலிருந்து கழற்றிய மோட்டார், கப்பல் சாமான் விற்கும் பழைய இரும்புக் கடையில் கிடைத்த எவர்சில்வர் அண்டா, துடுப்பை அறுத்துச் செய்த கலக்கி. அதை ஓட்டத் தெரிந்தவன் கொச்சியிலேயே நான் ஒருவன்தான். சலவைக் கல்லில் துணி அடித்தவரின் மகன் நான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அப்படிப்பட்டவன் செய்த கஞ்சியில்தான் தேவராவில் கடற்படை ஆபீசர்களின் வெள்ளை உடுப்பும், யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் விற்பவர்களின் வேட்டியும் விறைத்து நின்றன. அதே கஞ்சியில் ஒரு வீடு கட்டினேன். இரண்டு மகள்களையும் காலேஜுக்கு அனுப்பினேன். யாரும் கை கொடுக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தவர்கள்தான் அதிகம்.

இவ்வளவு கட்டியவன் செய்த பெரிய காரியம் மேலே சொன்னதில் இல்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஏனென்றால் அதை மட்டும் வேறு யார் யாருடைய பெயரிலோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

கஞ்சி என்றால் துணிக்குப் போடுகிற கஞ்சி. எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கொச்சியில் வெளுக்கிறவர்கள். எங்கள் சலவைத் துறையில் காலையில் முதல் வேலை கஞ்சி காய்ச்சுவது. அரிசியோ ஜவ்வரிசியோ கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கு மாவோ, அன்று எது மலிவோ அது. விறகுப் புகையில் கண் எரியும், அடிப்பிடிக்கும், கட்டி தட்டும். மழைக்காலத்தில் கஞ்சி போட்ட துணியைக் காய வைப்பதற்குள் கரும்புள்ளி விழும். மனைவியின் அண்ணன், என் மச்சான், அந்தத் துறையில்தான் இருந்தார். அவருடைய கண் எப்போதும் சிவந்திருப்பதைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது. காய்ச்ச வேண்டாத கஞ்சி ஒன்றைக் குப்பியில் அடைத்துக் கொடுத்தால் என்ன?

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எர்ணாகுளத்தில் ஒரு கெமிக்கல் வியாபாரி பால் போன்ற வெள்ளைப் பசையை டிரம்மில் விற்றார். தச்சர்கள் பலகை ஒட்டுகிற பசைக்கு அது தம்பி முறை. தண்ணீர் விட்டுக் கலக்கி, கொஞ்சம் ரோஜா வாசனை சேர்த்தால் கஞ்சி தயார். பச்சைத் தண்ணீரில் ஒரு மூடி ஊற்றித் துணியை முக்கிப் பிழிந்து இஸ்திரி போட்டால் சட்டை தனியாக நடக்கும். கரும்புள்ளி கிடையாது, கரப்பான் அரிக்காது, ஒரு வருஷம் வைத்தாலும் கெடாது. கலூரில் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைகளில்கூட என் குப்பி நின்றது. துறையில் அடுப்பு அணைந்தது. மச்சானின் கண் சிவப்பு மாறி வெளுத்தது. அன்றைக்கு என்னை எல்லோரும் கொண்டாடினார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. துணி முக்கி முடிந்ததும் தொட்டியில் மிஞ்சுகிற கஞ்சித் தண்ணீரைக் கொட்டுவதில்லை. துறைக்குக் கீழ்ப்பக்கம் இருக்கிற ஒரு மலையாளத்துச் சேச்சிக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர் தனி ஆள், ஒரே பசு, அந்தப் பாலைத்தான் சாயாக்கடைகளுக்கு ஊற்றிப் பிழைத்தார். பதிலுக்குத் துறையின் அழுக்குத் தண்ணீர் அவருடைய பறம்பு, அதாவது தென்னை நிற்கும் மனை, வழியாக ஓடையில் இறங்கிக் காயலுக்குப் போகும். யாரும் எழுதி வைக்காத ஒப்பந்தம் அது. நீ என் மாட்டுக்குக் கஞ்சி கொடு, நான் உன் தண்ணீருக்கு வழி விடுகிறேன். அவருடைய மாமியார் காலத்திலிருந்து நடப்பது.

அடுப்புக் கஞ்சி போய்க் குப்பிக் கஞ்சி வந்தபோது இந்த வழக்கத்தைப் பற்றி ஒருவருக்கும் நினைவு வரவில்லை. தொட்டியில் மிஞ்சியது முன்பு போலவே வெள்ளையாக இருந்தது. சேச்சியின் வாளி முன்பு தொங்கிய ஆணியிலேயே தொங்கியது. கை பழக்கத்தில் ஊற்றியது, அவர் பழக்கத்தில் தூக்கிப் போனார். முதலில் பசு முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பியிருக்கிறது. வாய்க்கசப்பு என்று நினைத்து அவர் உப்பும் பிண்ணாக்கும் கரைத்து, தட்டிக் கொடுத்துக் குடிக்க வைத்திருக்கிறார். ஒரு மழைக்காலம் முழுவதும் இப்படியே போயிருக்கிறது.

பிறகு ஒரு நாள் பசு வயிறு உப்பிப் படுத்துவிட்டது. மிருக டாக்டர் வந்து குழாய் விட்டு, எண்ணெய் ஊற்றி, எப்படியோ எழுப்பிவிட்டார். சாணியில் வெள்ளை வெள்ளையாகத் தோல் வந்தது. கையில் எடுத்து இழுத்தால் ரப்பர் போல நீண்டது.

அந்தத் தோலை ஒரு வாழை இலையில் வைத்துக்கொண்டு சேச்சி என் பட்டறைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. இலையை என் இயந்திரத்தின் மேல் வைத்தார்.

"அண்ணாச்சி, இது உங்க சாதனமல்லே? என் பசுவோட வயித்துலேந்து வந்தது."

என் பொருள் துணிக்குத்தான், மாட்டுக்கு இல்லை, குப்பியில் அப்படி எங்கும் போடவில்லை என்று நான் வாதம் பண்ணினேன். அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"பசு குடிக்காத தண்ணி என் பறம்பு வழியே போவாது. ஓணம் வரைக்கும் நான் வாய் திறந்து மிண்ட மாட்டேன். ஓணம் கழிஞ்சா ஓடையை அடைப்பேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாளே செங்கல்லைவிடப் பெரிதான வெட்டுக்கற்களை வண்டியில் கொண்டுவந்து ஓடை வாயில் அடுக்கி வைத்தார். துறைக்குப் போகிற வருகிற எல்லோரும் அந்தக் கற்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஓடை அடைபட்டால் துறை நிற்கும். அழுக்குத் தண்ணீர் போக வேறு வழி கிடையாது. மச்சான் மற்ற ஆட்களோடு கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார். அதை என்னிடம் சொல்லச் சாயாக்கடைக்கு அழைத்துப் போனார்.

"மாப்ளே, அடுப்புக்கே போயிருவோம். உன் குப்பி பொறக்கறதுக்கு முன்னாடியும் எங்க ஆளுக வெளுத்துக்கிட்டுதான் இருந்தாங்க."

சுலபமாகச் சொல்லிவிட்டார். அவர்களுக்கு அடுப்பு இருந்தது. எனக்கு? துறையே என் குப்பியை ஒதுக்கிவிட்டது என்று தெரிந்தால் கலூர்க் கடைக்காரன் வைத்துக்கொள்வானா? நான் கட்டியதெல்லாம் அந்த ஒரு குப்பியின் மேல் நின்றது. சேச்சி அடைக்கப்போவது ஓடையை. ஆனால் அந்தக் கல் விழப்போவது என் தலையில்.

ஓணம் வரை அடுப்பு மூட்ட வேண்டாம், பசு குடிக்கிற மாதிரி ஒரு குப்பிக் கஞ்சி கொண்டுவருகிறேன் என்று மச்சானிடம் சொன்னேன். அவர் சாயாவைக் குடித்து முடித்தார். கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார்.

தேவராவில் ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி நடத்துகிற டீச்சர் ஒருவர் தன் கைத்தறிப் புடவைகளை எங்கள் துறையில்தான் போடுவார். அவரிடம் அந்த வெள்ளைத் தோலைக் காகிதத்தில் மடித்துக் கொண்டு போனேன். அவர் முகம் சுளிக்காமல் பிரித்துப் பார்த்தார். டிரம்மில் இருப்பது தண்ணீரில் மிதக்கிற பிளாஸ்டிக் துளிகள், தண்ணீர் வற்றியதும் துளியோடு துளி ஒட்டித் தோலாகிவிடும், சட்டையில் நடப்பதும் பசுவின் வயிற்றில் நடந்ததும் ஒன்றுதான் என்றார். ரப்பர்ப் பால் உறைவதைப் பார்த்தவனுக்கு இது புரியாதா?

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. காயலில் போய்க் கலந்தால் அத்தனை தண்ணீரில் இது கரைந்து போகாதா என்று கேட்டேன்.

"கலக்கும், கரையாது," என்றார் டீச்சர். "கரைஞ்சாலும் அதைத் தின்ன ஒரு ஜீவன் வேணும். கஞ்சியைத் தின்னத் தெரிஞ்ச ஜீவன் மண்ணுலயும் தண்ணியிலயும் நிறைய உண்டு. இதைத் தின்னத் தெரிஞ்சது ரொம்பக் கம்மி."

திரும்பி வரும்போது படகில் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். படகுத் துறையில் காலிக் குப்பிகள் மிதந்தன. அதை ஒருவன் வலை போட்டு வாரினான். குப்பியை வாரலாம். குப்பிக்குள் இருந்ததை எந்த வலை போட்டு வாருவது? நான் எத்தனை டிரம் கலக்கி விற்றிருப்பேன், அத்தனையும் சட்டைக்கும் தொட்டிக்கும் ஓடைக்கும் போய் இந்தத் தண்ணீரில்தான் எங்கேயோ இருக்கிறது. என்னுடையது மட்டுமா? தலைக்குத் தேய்க்கிற ஷாம்பு, பாத்திரம் கழுவுகிற திரவம், சுவருக்கு அடிக்கிற பெயின்ட், கொழகொழவென்று ஊற்றுகிற எதிலும் இந்த மாதிரி ஒன்று இருக்கிறதாம், டீச்சர் சொன்னார். எல்லாம் கழுவி ஊற்றுகிற பொருள். ஊற்றிய பிறகு அது எங்கே போகிறது என்று கேட்கிற ஒரே ஆள் இந்த ஊரில் ஒரு மாட்டுக்காரச் சேச்சி. படித்தவரும் படிக்காதவரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். தின்ன ஆள் இருக்கிற பொருளாகச் செய்.

சரி, செய்கிறேன்.

கப்பை மாவை எடுத்தேன். கேரளத்தில் அதற்குப் பஞ்சமில்லை. காய்ச்சிக் குப்பியில் ஊற்றினேன், ஆறியதும் உறைந்து தலைகீழாகப் பிடித்தாலும் விழவில்லை. தண்ணீரைக் கூட்டினேன், விழுந்தது, ஆனால் துணி விறைக்கவில்லை. மாவைக் கூட்டினால் சளி போல நூல் இழுத்தது. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பதம் பிடித்துச் சில குப்பிகளை மச்சானின் அலமாரியில் வைத்தேன். நாலைந்து நாளில் மூடிகள் ஒவ்வொன்றாகத் தெறித்து, அலமாரி முழுவதும் புளித்த நாற்றம். இஸ்திரி போட்டு வைத்திருந்த ஆபீசர் உடுப்பில் கஞ்சி வழிந்தது. மச்சான் வாயைத் திறக்கவில்லை. அவர் மனைவி திறந்தார்கள்.

கெமிக்கல் வியாபாரி ஃபார்மலின் ஒரு மூடி ஊற்றச் சொன்னார். பிணம் கெடாமல் வைப்பது, கஞ்சியும் கெடாது. பசு? அவர் தோளைக் குலுக்கினார். நான் ஊற்றவில்லை.

இங்கேதான் கவனிக்க வேண்டும். என் இடத்தில் வேறு ஒருவன் இருந்திருந்தால் அந்தப் புளித்த குப்பிகளைக் கழுவி ஊற்றியிருப்பான். எனக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. கிண்டிப் பார்த்தேன். நூல் இழுக்கவில்லை. மாவு குறையவில்லை, தண்ணீர் கூடவில்லை, ஆனால் மோர் போல ஓடியது. அப்படியானால் புளிப்பு ஏதோ செய்திருக்கிறது. ஒரு பழைய வேட்டியை அதில் முக்கி இஸ்திரி போட்டேன். வேட்டி கண்ணாடி போல நின்றது, மடித்தால் உடையுமோ என்று பயமாக இருந்தது. கெட்டியாக இருந்தபோது நூலின் மேலே மட்டும் ஒட்டியது, இளகியதும் நூலுக்குள் இறங்கிவிட்டது. இது என் தலையில் உதித்தது. எந்தக் காலேஜிலும் கேட்டு வந்ததில்லை.

அதன்பிறகு மாவைத் தண்ணீரில் வேண்டுமென்றே புளிக்க வைத்தேன். கையை விட்டுப் பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்து, எப்போது காய்ச்சுவது என்று கற்றேன். முந்திக்கொண்டால் நூல் இழுக்கும், பிந்தினால் விறைப்பு போய்விடும். ஆனால் காய்ச்சியதும் அப்படியே நிற்காது, குப்பியில் மறுபடியும் புளிக்கத் தொடங்கிவிடும். அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. டீச்சரிடம் திரும்பப் போனேன். அவர் புளிப்பில் நிறம் மாறுகிற தாள் ஒன்றை முக்கிப் பார்த்து, இதில் புளிப்பு போதுமான அளவு இருக்கிறது, பழ ஸ்குவாஷ் செய்கிறவர்கள் போடுகிற உப்பு ஒன்று உண்டு, அது புளிப்பில்தான் வேலை செய்யும், மனுஷன் குடிக்கிற அளவுக்குள்ளேயே போடலாம் என்று சொல்லிக் கொடுத்தார். அது அவருடைய பங்கு. நான் மறைக்க மாட்டேன். கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். புளிக்க வைத்தது நான், நிறுத்தியது டீச்சர்.

வீட்டு வாசல்களில் ஓணத்துக்கு அத்தப்பூக் கோலம் போடத் தொடங்கியிருந்த வாரம், குப்பியைத் தூக்கிக்கொண்டு சேச்சியின் தொழுவத்துக்குப் போனேன். துறை மொத்தமும் பின்னால் வந்தது. நல்லது நடந்தால் பார்க்கலாம், கெட்டது நடந்தால் இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்ற கூட்டம். மச்சான் ஒரு தொட்டியில் துணி முக்கி எடுத்து, மிஞ்சிய தண்ணீரை அதே பழைய வாளியில் ஊற்றிப் பசுவின் முன்னால் வைத்தார்.

பசு முகர்ந்தது. ஒரு பெருமூச்சு விட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நான் வாழ்க்கையில் எத்தனையோ பேர் முன்னால் நின்றிருக்கிறேன். லைசென்ஸ் ஆபீசர், பாங்க் மானேஜர், சம்பந்தி. யார் முன்னாலும் கை கட்டி நின்றதில்லை. அன்று ஒரு பசுவின் முன்னால் நின்றேன். சேச்சி கற்களின் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

மச்சான் வாளிக்குள் குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு.

"மாப்ளே, ரோசாப்பூ சென்ட்டை நீ இன்னும் விடலியா? மாடு என்ன கல்யாணத்துக்கா போவுது?"

உண்மைதான். கை பழக்கத்தில் ஊற்றியிருந்தேன். வாசனை இல்லாவிட்டால் விற்காது என்பது என் தொழில் புத்தி. பட்டறைக்கு ஓடினேன். அந்த வயதில் ஓட்டம்தான். வாசனை சேர்க்காத அண்டாவிலிருந்து மொண்டு வந்தேன். வாளியைக் கழுவி மறுபடியும் அதே மாதிரி கரைத்து வைத்தோம். பசு முகர்ந்தது. மூக்கை உள்ளே விட்டது. பிறகு எங்களையெல்லாம் மறந்துவிட்டுக் குடித்தது. வாளியின் அடியை நாக்கால் துடைத்து, வாளியையே முட்டித் தள்ளியது.

கூட்டம் கைதட்டியது. சேச்சி தட்டவில்லை.

"பால் கறந்து பார்த்துட்டு நாளைக்குப் பறயாம்," என்றார்.

மறுநாளும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஓணத்துக்கு முன்பே ஓடை வாயிலிருந்த கற்கள் ஒவ்வொன்றாகக் குறைய ஆரம்பித்தன. போய்ப் பார்த்தால், தொழுவத்தில் அந்தக் கற்களை வைத்துப் பசுவுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொண்டிருந்தார். வாளி போதவில்லையாம்.

புதுக் கஞ்சியில் எனக்கு இழப்பு இல்லாமல் இல்லை. வாசனை இல்லாத குப்பியைக் கலூர்க் கடைகள் திருப்பி அனுப்பின. மழைக்காலத்தில் துணி சரியாகக் காயாவிட்டால் பழைய மாதிரிக் கரும்புள்ளி வந்தது, கரி இஸ்திரியை இன்னும் சூடாக்க வேண்டியிருந்தது. அந்த டிரம் பசையை வாங்கி வேறு ஆட்கள் கஞ்சி செய்து, நான் விட்ட கடைகளைப் பிடித்துக்கொண்டார்கள். திரும்பவும் டிரம்முக்கே போய்விடலாமா என்று பல தரம் நினைத்தேன். அப்போதெல்லாம் ஓடைப் பக்கம் போய் நிற்பேன். முன்பு வெள்ளைத் தோல் படிந்திருந்த கல்லில் பாசி வந்திருந்தது. சின்ன மீன்கள் வந்து அதைக் கொத்திக்கொண்டிருந்தன. அதுகளுக்குத் தின்ன ஏதோ கிடைத்திருக்கிறது. பேசாமல் திரும்பி வந்து மாவைப் புளிக்க வைப்பேன். ஊரில் மற்றத் துறைக்காரர்கள், நாலைந்து ஹோட்டல்காரர்கள், டீச்சரின் சிநேகிதிகள் என்று வாங்கிக்கொண்டே இருந்தார்கள். வீடு அப்படித்தான் எழும்பியது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் துறையைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஜூ டவுனுக்கு வருகிறவர்களை வழிகாட்டிகள் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து காட்டுவார்கள். துறைச் சங்கம் வாசலில் ஒரு பெரிய பலகை வைத்தது. சங்கத்துக்குச் செயலாளர் என் மச்சான். பலகையில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறது: இங்கே முன்னோர் காலம் முதல் இன்று வரை ரசாயனம் சேராத இயற்கைக் கஞ்சி மட்டுமே பயன்படுத்தப்படுகிறது.

நான் அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். முன்னோர் காலம் முதல் இன்று வரையாம். நடுவில் டிரம் வந்தது எங்கே? பசு படுத்தது எங்கே? ஓடை வாயில் அடுக்கிய கல் எங்கே? முன்னோர்கள் செய்தது அடுப்புக் கஞ்சி, அது அன்றன்றைக்கே கெட்டுப் போகும். இப்போது தொட்டியில் ஊற்றுகிறார்களே, அது குப்பியில் நிற்கிற கஞ்சி. தானாக வந்ததா?

மச்சானிடம் கேட்டேன். அவர் சங்கடப்படவே இல்லை.

"மாப்ளே, வர்றவங்களுக்குப் பழசுன்னாத்தான் இஷ்டம். இடையில பிளாஸ்டிக் ஊத்தினோம், பிறகு மாத்தினோம்னு எழுதினா யாரு போட்டோ எடுப்பாங்க?"

அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறவர்கள் யோசித்துப் பாருங்கள். எல்லாம் முன்பிருந்தே நன்றாக இருந்தது என்று எழுதிவிட்டால், கெட்டதை யாரும் மாற்ற வேண்டியதே இல்லை என்று ஆகிவிடுகிறது. இன்று டிரம் பசையில் குப்பி நிறைக்கிற ஒருவன் அந்தப் பலகையைப் படித்தால் அவனுக்கு என்ன கிடைக்கும்? முன்னோர்கள் நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவான். தன்னைப் போல ஒருவன் அதே பசையைக் கலக்கினான், மாற்றிக்கொண்டான், பிழைத்தும் இருந்தான் என்று படித்தால் நின்று யோசிப்பான்.

ஆகவே சங்கத்துக்கு, மச்சானுக்கு, இதைப் படிக்கிற துறைக்காரர்கள் எல்லோருக்கும் என் கோரிக்கை இதுதான். பலகையைக் கழற்ற வேண்டாம். கீழே இடம் இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன். கஞ்சி ஒரு காலத்தில் டிரம் பசையால் கெட்டது என்று எழுதுங்கள். பசு குடிக்காததை ஓடையில் விடமாட்டேன் என்று சேச்சி சொன்னதை எழுதுங்கள். டீச்சர் சொல்லிக் கொடுத்த உப்பை எழுதுங்கள். புளிக்க வைத்துக் குப்பியில் அடைத்தவன் யார் என்பதையும் எழுதுங்கள். இந்தக் கட்டுரையில் நான் யார் பெயரையும் எழுதவில்லை, என் பெயரையும் எழுதவில்லை. அதை எழுத வேண்டிய இடம் அந்தப் பலகை, எழுத வேண்டியவர்கள் நீங்கள். பெயின்ட் நான் வாங்கித் தருகிறேன். அதில் என்ன கலந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டு வாங்குவேன்.